அச்சேறிய ஆராய்ச்சியும் டாக்டர் பட்டமும்

கற்றோர் உலகில் இந்நாளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒருவர், தம் வேலை முற்றுப்பெறுவதற்கு முன்னரே, அதன் பகுதிகளைக் கட்டுரைகளாக எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளியிடுகிறார். பின்னர் அக்கட்டுரைகளையே அத்தியாயங்களாக நிறுத்தி, முன்னும் பின்னும் விளக்கம் சேர்த்து, ஆராய்ச்சியேடு என்று பெயரிட்டுச் சர்வகலாசாலையின் முன் வைக்கிறார். இது நேர்மையாகுமா? ஒருமுறை உலகுக்குக் கொடுத்துவிட்டதை மறுமுறை கொடுத்துப் பட்டம் கேட்கலாமா? அல்லது, அச்சேறி அறிஞர் பலர் பார்வைக்கு வந்துவிட்டதே தக்க சான்று என்று மகிழ்ந்து ஏற்பதுதான் முறையா? இவ்விரு கட்சிகளுக்கும் வாதிப்போர் உளர். நாம் இரண்டையும் நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

இது மேல்மாடத்தில் இருப்போரின் வழக்கு, நமக்கென்ன என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர்கள் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. பால்வாளி சுமந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்கின்றனர். தெப்ராவிலிருந்து சிறிது தூரத்தில், ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பச் சர்வகலாசாலை இருக்கிறது. அத்தகைய இடங்களில் ஒரு பிள்ளை மேற்படிப்புப் படித்து முடிக்கும்வரை, வீட்டிலுள்ளோர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்கின்றனர். அவ்வளவு விலை கொடுத்துப் பெறும் பட்டம் எதற்குச் சான்று என்பதை அறிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

வேறொரு காரணமும் உண்டு. பிறப்பினால் வரும் பட்டங்களை ஏற்கமாட்டோம் என்ற கொள்கை வழி வந்தவர்கள் நாம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொள்வதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பெயருக்குப் பின்னிருந்த வால் போன இடத்தில், பெயருக்கு முன்னே 'டாக்டர்' என்னும் கொம்பு முளைத்து, அது கண்டு மக்கள் காரணமின்றி அஞ்சி வணங்குவார்களாயின், நாம் அடைந்த இலாபம் ஒன்றுமில்லை. உழைத்துப் பெற்ற பட்டம் மதிப்புக்குரியதே. அந்த மதிப்பு உழைப்பிலும் உண்மையிலும் நிற்கவேண்டுமேயன்றி எழுத்துக்களில் நிற்றல் கூடாது. ஆதலின் பட்டம் எவ்வாறு அளிக்கப்படுகிறது என்பதை ஆராய்வது சீர்திருத்தக்காரர் வேலைகளில் ஒன்றேயாம்.

ஆராய்ச்சியேடு என்பது எதற்காக ஏற்பட்டது? இதனை முதலில் தெளிந்துகொண்டால் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு நோக்கங்கள் இரண்டு. உலகத்தார் அறிவில் இதற்கு முன் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது ஒரு நோக்கம். இம்மனிதர் தாமே ஒரு கேள்வியை எழுப்பி, வழி கண்டு, விடை காண வல்லவர் என்பதை மெய்ப்பிப்பது மற்றொன்று. முன்னது பொருளைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. பத்திரிகையில் வெளியான கட்டுரை முதல் நோக்கத்தை நிறைவேற்றிவிடக்கூடும். இரண்டாவதை அது தானாக நிறைவேற்றிவிடுமா என்பதே ஐயம். இவ்விரண்டையும் வேறு பிரிக்காமல் பேசுவதனால்தான் ஒரு கட்சியார் 'எல்லாம் சரி' என்கின்றனர். மறு கட்சியார் 'எல்லாம் மோசடி' என்கின்றனர்.

நூலைச் சபையில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று தெரிவிக்கிறது. இக்காலத்து வாய்மொழிப் பரீட்சைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேண்டுமோ? நன்னூலார் பாயிரத்துக்குக் கூறும் இலக்கணத்தில், ஆக்கியோன் பெயர் யாது, நூல் எவ்வழி வந்தது, அதன் பொருள் யாது, பயன் யாது என்பன போன்றவை இடம் பெறுகின்றன. அவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிச் சொல்வாரும் உண்டு என்கிறார். யார் செய்தது, எதிலிருந்து வந்தது, எப்பொழுது, எங்கே, எதற்காக என்ற வினாக்களுக்கு நூலின் வாயிலிலேயே விடை சொல்லவேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நெறி. இந்நெறியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நமக்கு இது வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் முதலில் அரங்கேற்றம், பிறகே நூல் பரவுதல். இக்காலத்தில் முதலில் பத்திரிகையில் பரவுதல், பிறகே பரீட்சகர் முன் அரங்கேற்றம். முறை தலைகீழாகிவிட்டதென்று சிலர் வருந்துகின்றனர். முறை மாறியதனாலேயே நேர்மை கெட்டுவிடுமா என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்து அறிஞர் க. கைலாசபதி, தமிழரின் வீரநிலைக் கவிதையைப் பற்றி ஆராய்ந்து 1966-இல் பர்மிங்காம் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சி 1968-இல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தின் நூலாக வந்தது. கோலாலம்பூரில் மலாயாச் சர்வகலாசாலையின் இந்தியப் பகுதிக்குத் தலைமை வகித்தவரும், 1966-இல் அங்கு முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடக் காரணமாயிருந்தவருமான தனிநாயக அடிகள், அண்ணாமலைச் சர்வகலாசாலையில் சங்கக் கவிதையில் இயற்கையைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியும் பின்னர் நூலாயிற்று. பட்டம் பெற்ற பின் அச்சிட்டால் 'இரட்டைப் பயன்' என்று குற்றம் சாட்டுவார் எவருமில்லை, பாராட்டுகிறோம். அப்படியானால், அச்சிட்ட பின் பட்டம் பெறுவதை மட்டும் குற்றமென்பது எங்ஙனம்? ஒரே வேலை, ஒரே மனிதர், இரண்டு வெளியீடு. முன்பின் மாறியதொன்றே வேற்றுமை. முன்பின் மாறியதனால் அறம் மாறுவதில்லை.

இதற்கு நம்மவர் ஒருவரின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கணிதம் ஒன்றைத் தவிர வேறு பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. பட்டமில்லாத அவருக்குக் கல்விச் சாலையின் கதவு அடைபட்டுவிட்டது. ஆயினும் 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில், பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை அச்சாயிற்று. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் முதல், சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரையொன்று வந்தது. அது 'மிகுபகு எண்கள்' என்று நாம் தமிழில் கூறத்தக்க ஒருவகை எண்களைப் பற்றியது. 12 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. அவ்வாறே 24, 36, 48, 60 என்பனவும் தமக்குக் கீழ்ப்பட்ட எண்கள் எல்லாவற்றையும் வகுஎண்களின் தொகையில் விஞ்சி நிற்பவை. இவ்வெண்கள் எவ்வாறு அமைந்துள்ளன, எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்பதை இராமானுஜன் ஆராய்ந்தார். அச்சாகி வெளிவந்த இந்த வேலையை ஆதாரமாகக்கொண்டு, 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி வழியான பி.ஏ. பட்டத்தை அளித்தது. அங்கு டாக்டர் பட்டம் என்ற ஏற்பாடே 1919-இல்தான் உண்டாயிற்று. ஆதலின் ஆராய்ச்சி மாணவருக்கு அன்று அங்கே கிடைக்கக்கூடிய பட்டம் இதுவே. 1918-இல் அரச சங்கத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரலில் சென்னையில், 32-ஆம் வயதில், மறைந்தார்.

'ஏற்கெனவே அச்சிட்டதுதானே, புதிதாக ஒன்று எழுதிக் கொண்டு வா' என்று அன்று எவரேனும் அவரிடம் கூறியிருந்தால் அது அறிவுடைமையாகுமா? மேலும் ஒன்று நோக்கவேண்டும். இராமானுஜனுக்குச் சான்று கூறுவோர் ஹார்டி போன்ற ஓரிருவர் மட்டுமே என்றிருந்தால், ஆசிரியர் தம் மாணவருக்காகப் பேசுகிறார் என்று பிறர் ஐயுற இடமிருந்திருக்கும். கட்டுரை அச்சில் வந்துவிட்டமையால், கணிதம் கற்ற எவரும் எடுத்துப் படித்து, பிழையிருந்தால் சுட்டிக்காட்டலாம். ஏழைக்கும், பரிந்துரையில்லாதவனுக்கும், தூரதேசத்தானுக்கும் அச்சு நல்ல துணை. குலமும் செல்வாக்கும் கேளாமல் வேலையை மட்டும் காட்டுவதற்கு அதுவே வாய்ப்பு. ஆகையால், அச்சேறியதைப் பட்டத்திற்குக் கொள்ளலாகாது என்ற கடுமையான விதி, இருக்கிறவர்களைவிட இல்லாதவர்களையே அதிகம் தாக்கும்.

ஆயினும் இதே வரலாற்றின் மறுபக்கம் ஒன்று உண்டு, அதனையும் மறைத்தலாகாது. அக்கட்டுரை அச்சான ஆண்டு முதல் உலக யுத்தத்தின் இரண்டாம் ஆண்டு. இலண்டன் கணிதச் சங்கம் பணமுடையில் இருந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சிடாமல் விடப்பட்டது. விடுபட்ட அப்பகுதி, நிக்கோலா, ராபின் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புகளோடு, 1997-இல்தான் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள்! எழுதியவர் இறந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பிழையென்று தள்ளியதன்று, காகிதத்திற்கும் அச்சுக் கூலிக்கும் பணமில்லாமையால் நின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பத்திரிகை, ஆராய்ச்சியின் முழு உருவம் அன்று. பத்திரிகைக்குப் பக்கக் கணக்கு உண்டு, அவசரம் உண்டு, தன் வாசகர்க்கு எது பிடிக்கும் என்ற கவலை உண்டு. தோற்றுப்போன முயற்சிகளை அது பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆராய்ச்சியேட்டிற்கு அக்கட்டுப்பாடுகள் குறைவு. ஆராய்ச்சியாளர் எவ்வழியில் சென்று முட்டித் திரும்பினார், எதை அளந்தார், எதை அளக்க இயலவில்லை, பத்திரிகையார் எதை வெட்டினர் என்பனவெல்லாம் சேரவேண்டிய இடம் அதுவே. வெட்டுண்ட கட்டுரைகளை மட்டும் தைத்து அட்டை போட்டுக் கொடுத்துவிட்டால், பின்வரும் மாணவர்க்கு வேண்டிய பாதி அறிவு தொலைந்துவிடும். ஆகவே, அச்சான கட்டுரைகளைச் சேர்க்கலாம் என்று சொல்லும்போதே, அவை மட்டும் போதா என்றும் நாம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

'ஒரு வேலைக்கு இரண்டு கூலி' என்ற குற்றச்சாட்டை இனிப் பார்ப்போம். கணக்கெழுதும் தொழிலில் உள்ள நமக்கு இது எளிதில் விளங்குவது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலைகளைச் சாலையோரத்தில் அடுக்குகிறார்கள். அங்கே எத்தனை குலை, யார் வெட்டியது என்று கிராணி ஒரு புத்தகத்தில் எழுதுகிறார். அதே குலைகள் லாரியில் ஏறி ஆலைக்குச் சென்றதும் எடை போட்டு அங்கே வேறொரு புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஒரே குலை இரண்டு புத்தகத்தில் ஏறிவிட்டதே, இது பொய்க் கணக்கு என்று எவரும் சொல்வதில்லை. முதற் புத்தகம் வெட்டியவரின் வேலைக்குச் சாட்சி. இரண்டாவது ஆலைக்கு வந்த சரக்குக்குச் சாட்சி. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவுகின்றன. ஆனால் ஒரே குலையை இன்று ஒருமுறையும் நாளை ஒருமுறையும் சாலையோரத்தில் எண்ணிக் காட்டி இருமுறை கூலி கேட்டால், அது திருட்டுக் கணக்கு. கட்டுரையும் ஆராய்ச்சியேடும் இரண்டு புத்தகங்கள். கட்டுரையினால் கிடைப்பது உலக அறிவில் இடம். ஏட்டினால் கிடைப்பது ஆராய்ச்சி செய்ய வல்லவர் என்ற சான்று. கூலி வேறு வேறு. ஆதலின் இதில் இரட்டைக் கூலி இல்லை. அதே கட்டுரையை இரண்டு பட்டங்களுக்குக் காட்டினாலோ, ஒரே முடிவைத் துண்டு துண்டாக்கி ஐந்து கட்டுரைகள் என்று எண்ணிக்கை காட்டினாலோ, அது சாலையோரத்தில் இருமுறை எண்ணுவதற்கு ஒப்பாகும்.

'தன்னிடமிருந்தே திருடுதல்' என்று ஒரு குற்றத்தை இக்காலத்தில் பேசுகிறார்கள். இந்தியாவில் சர்வகலாசாலை மானியக் குழு 2018-இல் செய்த விதிகளின்படி, ஆராய்ச்சியேட்டின் வாசகம் பிற எழுத்துக்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று யந்திரத்தின் உதவியால் கணக்கிடுகிறார்கள். ஒப்புமை 10 சதவிகிதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 60 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் மாணவரின் பதிவே ரத்தாகும். யந்திரத்துக்கு எழுத்து ஒத்திருப்பது தெரியும்; எழுதியவர் எண்ணம் தெரியாது. தன் கட்டுரையைத் தானே எடுத்தாள்பவரும், பிறர் கட்டுரையைக் கவர்ந்தவரும் அதற்கு ஒன்றே. தன் பொருளை ஒருவன் திருட இயலாது என்பது உண்மை. ஆயினும் தன் பொருளைக்கொண்டே ஒருவன் பிறரை ஏமாற்ற இயலும். சென்ற ஆண்டு அரிசியைப் புது அரிசியென்று விற்கும் வியாபாரி எவரிடமிருந்தும் திருடவில்லை. வாங்குவோரிடம் பொய் சொல்கிறான். பழையதைப் பழையதென்று சொல்லி விற்றால் அதில் குற்றமொன்றுமில்லை. அதுபோலவே, 'இவ்வத்தியாயம் இன்ன ஆண்டு இன்ன பத்திரிகையில் வெளியானது' என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டால் குற்றம் நீங்கிவிடுகிறது. எழுதாமல் மறைத்தால், அது திருட்டு அன்றாயினும் வஞ்சனையாகும். நன்னூலார் கேட்ட காலமும் களமும் இங்கேதான் நமக்கு உதவுகின்றன. எல்செவியர் போன்ற பதிப்பகத்தார், தாம் அச்சிட்ட கட்டுரையை அதன் ஆசிரியர் தம் ஆராய்ச்சியேட்டில் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றனர். சட்டமே வழிவிட்டிருக்க, மறைப்பதற்குக் காரணம் என்ன?

இதைவிடக் கடினமானது மூன்றாவது ஆட்சேபம். இக்காலத்துக் கட்டுரைகள் பலவற்றில் பெயர்கள் நான்கைந்து இருக்கின்றன. ஒருவர் சோதனை செய்தார், ஒருவர் கணக்கிட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் பணம் தேடித் தந்தார், ஒருவர் ஆசிரியர் என்ற முறையில் பெயர் சேர்த்துக்கொண்டார் எனவும் கேள்விப்படுகிறோம். அக்கட்டுரையை ஒரு மாணவர் தம் ஏட்டில் வைத்துப் பட்டம் கேட்டால், பட்டம் யாருக்குரியது? இராமானுஜனுடைய மிகுபகு எண் கட்டுரை அவர் ஒருவர் பெயரில் வந்தது, வழக்கில்லை. எண்களைப் பிரிவினை செய்யும் வழிகளைப் பற்றி 1918-இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையோ ஹார்டி, இராமானுஜன் என்ற இருவர் பெயரிலும் உள்ளது. பட்டத்துக்கு அதனைக் காட்டுவதாயிருந்தால், எது யாருடைய கை என்று சொல்லியே ஆகவேண்டும்.

இதற்கும் நம் இலக்கியத்தில் வழி இருக்கிறது. ஐங்குறுநூறு என்ற தொகையில் ஐந்து திணைக்கு ஐந்நூறு பாட்டுக்கள். மருதம் ஓரம்போகியார் பாடியது, நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒவ்வொருவர் நூறும் இன்னதென்று தெளிவாயிருக்கிறது. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அவர் பெயர் தொகுத்தவர் என்ற அளவில் நிற்கிறதேயன்றிக் கபிலர் பாட்டைத் தம்முடையதென்று அவர் கொள்ளவில்லை. ஐவர் சேர்ந்து ஒரு நூல் உண்டானது. ஐவர் உரிமையும் கெடவில்லை. இக்காலத்து மாணவரும், 'இக்கட்டுரையில் நான் செய்தது இது, மற்றவர் செய்தது இது' என்று எழுதி, கூட்டாசிரியர் எல்லோரும் ஒப்பி ஏட்டில் சேர்த்தால் வழக்கு ஏன் எழப்போகிறது? எழுத அஞ்சுவார்களாயின், அஞ்சுவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். ஒரு கட்டுரையை இரு மாணவர்கள் தத்தம் ஏட்டில் சேர்க்க நேரும்போதும் இந்தப் பங்கு விவரமே இருவரையும் காக்கும்.

தொகைநூலிலிருந்து இன்னொன்றும் கற்கலாம். பாட்டுக்களைக் கண்டவாறு கூட்டினால் தொகையாகாது. திணை, அடியளவு, வரிசை என்ற ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கிலே ஓர் அறிவு தெரிகிறது. மூன்று கட்டுரைகளை எழுதிய மாணவர், அம்மூன்றும் எந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தன, ஒன்று மற்றொன்றுக்கு எவ்வாறு வழி திறந்தது, மூன்றும் சேர்ந்து என்ன சொல்லுகின்றன என்று காட்ட இயலாவிடில், கட்டுரை எழுத வல்லவர் என்பது மட்டுமே விளங்கும். ஒரு துறையைத் தழுவிச் சிந்திக்க வல்லவர் என்பது விளங்காது. எல்லாத் துறைக்கும் இம்முறை ஒத்துவரும் என்றும் நாம் கருதவில்லை. கைலாசபதியின் நூல், பழந்தமிழ்ப் பாட்டைக் கிரேக்கம் முதலிய பிறநாட்டு வீரப் பாட்டோடு வைத்து நெடுக வாதித்துச் செல்வது. அதைத் துண்டாக்கினால் உயிர் போய்விடும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஒவ்வொரு முடிவும் தனித்து நிற்கக் கூடியது. சுவீடன் முதலிய வடநாடுகளிலும் ஜெர்மனியிலும் கட்டுரைத் தொகுப்பாக ஏடு அளிப்பது வழக்கத்தில் இருக்கிறது. மலேசியச் சர்வகலாசாலைகள் சிலவும் அதற்கு இடந்தருகின்றன. வேலைக்கு ஏற்ற வடிவம் என்பதே நியாயம். வடிவத்துக்காக வேலையை வெட்டுவது நியாயமன்று.

இனி, 'அச்சாகிவிட்டது, ஆகவே பரீட்சகர் கேள்வி கேட்க வேண்டுவதில்லை' என்று வாதிப்போரைப் பற்றி ஒரு சொல். பத்திரிகைக்கு வரும் கட்டுரையை ஓரிருவர், பெரும்பாலும் பெயர் தெரிவிக்காமல், படித்துப் பார்க்கின்றனர். அவர்கள் நல்லவர்களாகவே இருப்பினும், எழுதியவரை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டவர்களல்லர். அச்சில் ஏறியது என்பதனாலேயே மெய்யென்று கொள்வது, ஏட்டில் எழுதப்பட்டது என்பதனாலேயே வேதமென்று கொண்ட பழைய மடமையின் புதுப்பிறப்பேயாகும். அச்சான கட்டுரையிலும் பிழை காணவும், அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொல்லவும், வேண்டுமாயின் தள்ளவும் பரீட்சகருக்கு முழு உரிமை இருக்கவேண்டும். அதங்கோட்டாசான் முன்னே தொல்காப்பியர்க்கும் விலக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அனுமதியைக் கட்டாயமாக்கினால் என்ன நேரும் என்பதற்கும் அண்மைக் காலச் சான்று உண்டு. இந்திய மானியக் குழு 2016-இல் செய்த விதிப்படி, டாக்டர் பட்ட மாணவர் ஏடு கொடுப்பதற்கு முன் பத்திரிகையில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும். மாநாடுகளில் இரண்டு கட்டுரை படித்திருக்க வேண்டும். விளைவு என்ன? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிட்டுக் கொடுக்கும் பத்திரிகைகளுக்குக் கொழுத்த சந்தை உண்டாயிற்று. வெளியீடு என்பது சோதனையாக இருந்த நிலை போய், விலைக்கு வாங்கும் சீட்டாயிற்று. 2022 நவம்பரில் வந்த புது விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. திறந்த கதவு வழியே விரும்புவோர் நுழையலாம் என்பது உதவி. எல்லோரும் அவ்வழியேதான் நுழையவேண்டும், நுழைவதற்குக் காசும் கொடுக்கவேண்டும் என்பது கொடுமை. அதில் முதலில் நசுங்குபவர் கடன் வாங்கிப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகளே.

பட்டமே மனிதரின் அளவு என்று எண்ணுவதற்கும் வரலாறு இடந்தரவில்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1933-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய ஏடு சுழலும் வாயுக் கோளங்களைப் பற்றியது. அவர் பெயரை நிலைநாட்டிய வெண்குள்ள விண்மீன்களின் எடையெல்லை, 1931-லேயே பத்திரிகையில் வந்த ஒரு சிறு கட்டுரையில் இருந்தது. நோபல் பரிசு 1983-இல் வந்தது. உ. வே. சாமிநாதையருக்குச் சென்னைச் சர்வகலாசாலை 1932-இல் டாக்டர் பட்டம் அளித்தபோது, அவர் ஏடு எதுவும் எழுதி நீட்டவில்லை. அவர் பதிப்பித்த நூல்களே சான்றாய் நின்றன. பட்டம் ஒரு முத்திரை. முத்திரைக்கு முன்பே சரக்கு இருக்கவேண்டும்.

கடைசியாக, இவ்வழக்கில் எவரும் பேசாத ஒரு பங்காளி இருக்கிறார். 1844-இல் தான் கீ சூன் என்பவர் தலைமையில் சீனர்கள் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறி மிளகும் காம்பீரும் பயிரிட்ட வரலாற்றை இன்று நாம் அறிகிறோம். ஜொகூரின் அக்கால வரலாற்றை விரித்துரைக்கும் கார்ல் ட்ராக்கியின் நூல் 1979-இல் வந்தது; அது கார்னெல் சர்வகலாசாலையில் அவர் டாக்டர் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. இரவீந்திர ஜெயின் என்பவர் 1962-63-இல் மலாயாவின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கி, தமிழ்த் தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்து பட்டம் பெற்று, 1970-இல் நூலாக வெளியிட்டார். தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து, 'பால் மலாயு' என்று புனைபெயர் இட்டார். அங்குள்ளோர்க்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு இது செய்யத்தக்கதே. ஆனால் ஒன்று கேட்கிறோம். தம் வீட்டு வரவுசெலவையும், கங்காணி பட்ட பாட்டையும், கலியாணத்தையும் சாவையும் ஆராய்ச்சியாளரிடம் திறந்து சொன்ன மக்களுக்கு, அவர்கள் படிக்கும் மொழியில் என்ன திரும்ப வருகிறது? கட்டுரை ஆங்கிலத்தில், சந்தா கட்டினோர் படிக்கும் பத்திரிகையில். ஏடு ஆங்கிலத்தில், சர்வகலாசாலைப் புத்தகசாலையில். ஆராய்ச்சியாளர்க்கு இரண்டு புத்தகத்திலும் வரவு. சொல்லிக் கொடுத்தவர்க்கு ஒன்றிலும் இல்லை. தெப்ராவ் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோர் கதை இனி ஏடுகளில்தான் இருக்கும். அந்த ஏடு அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு எட்டாவிடில், ஆராய்ச்சி யாருக்காக?

ஆகவே நம் தீர்ப்பு இது. அச்சேறிய கட்டுரைகளை ஆராய்ச்சியேட்டில் சேர்ப்பது அறத்துக்கு மாறானதன்று; ஏழை மாணவர்க்கு அது உதவியும் ஆகும். ஆனால் எப்போது, எங்கே வெளியானது என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். கூட்டாக எழுதியதில் தம் பங்கு எது என்று, மற்றவர் ஒப்புதலோடு, கூறவேண்டும். பத்திரிகை வெட்டியதையும் தோற்ற முயற்சியையும் ஏட்டில் சேர்த்து, கட்டுரைகளை ஒரு கருத்தால் இணைத்துக் காட்டவேண்டும். அச்சானது என்பதற்காகப் பரீட்சகர் வாய் மூடலாகாது. வெளியீட்டைக் கட்டாயமாக்கிக் காசுப் பத்திரிகைகளை வளர்க்கலாகாது. இவற்றோடு, தமிழ் மக்கள் வாழ்வை ஆராய்வோர் தம் முடிவுகளைத் தமிழில் சில பக்கங்களேனும் எழுதி, அம்மக்களின் சங்கத்துக்கும் பள்ளிக்கும் கொடுக்கவேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் பெற்று வருகையில் மாலை போடுவோம், மகிழ்வோம். மாலை போட்ட கையோடு, 'நீ என்ன கண்டுபிடித்தாய்? எங்களுக்கு விளங்கும்படி சொல்' என்றும் கேட்போம். சர்வகலாசாலையின் பரீட்சகர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லியவர்கள், பெற்றோரும் உற்றாரும் கேட்கும் இக்கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.